எட்டாவது அடி

அம்மா, இதை ஹம்னாவை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அத்தா பக்கத்தில் இருக்க வேண்டும். போனில் பேசினால் அத்தா பாதியிலேயே வைத்துவிடுவார். எனக்கும் அவர் குரலைக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஷார்ஜாவுக்கு வந்த இந்த இரண்டு வருஷமாக நான் போனில் பாட்டுக்கு பீட் போட்டுக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் தங்கச்சி ஹம்னாவுக்கு மட்டும்தான் இது தெரியும். கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை முடிந்து வந்தால், மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு இயர்போனை மாட்டிக்கொள்வேன். போனில் ஒரு ஆப் இருக்கிறது. டிரம்ஸ், பியானோ, வயலின் எல்லாம் அதற்குள் உண்டு. விரலால் தட்டியே ஒரு பாட்டுக்கு வேண்டியதைச் செய்துவிடலாம். அத்தாவுக்குத் தெரிந்தால் இதற்காகவா உன்னை அனுப்பினேன் என்று கேட்பார். அந்தப் பயத்தில் மறைத்தேன். எல்லாம் கெட்டது அங்கேதான்.

என்னோடு சேர்ந்து இதைச் செய்தவன் வசந்த். நம்முடைய ஃபைபர் படகில் நண்டு வலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அவன் செத்து இன்றோடு பதினாறு நாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து எங்களுக்குள் எல்லாம் ஒத்துப்போகும், ஒன்றைத் தவிர. பாட்டு செய்யும்போது முதலில் மெட்டா, டிரம்ஸா என்பதில் தினமும் சண்டை. நான் மெட்டுக்காரன். முதலில் ஒரு மெட்டைப் பிடித்துவிட்டால் அடியை அப்புறம் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பேன். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

"மாப்ள, நீ கட்டில்ல படுத்துக்கிட்டுப் பேசுற. நான் படகுல இருந்து பேசுறேன். ஏறுனதும் மொத சத்தமே எஞ்சின்தான். அது ஓடுனாத்தான் வாயில பாட்டு வரும்."

"அப்ப எஞ்சின் இல்லாத வீட்டுல எவனும் பாட மாட்டானா?"

"எங்க வீட்டுல எங்க அம்மா வாய் ஓடும். அதுவே பத்து குதுர சக்தி."

பின்னால் மீனம்மாள் அத்தை திட்டுவது கேட்கும். "அந்தப் பாய் மவன்கிட்ட என்னயப் பத்தி என்னடா சொல்ற?"

"ஒன் கொரல் நல்லா இருக்குன்னு சொன்னேன்மா."

இப்படித்தான் பேசுவோம். கடைசியில் அவன் மெட்டை வாயால் முனகி அனுப்புவான். நான் அதற்குக் கீழே அடி வைப்பேன். யார் சொன்னது முதலில் என்ற சண்டை முடியவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் கடலிலிருந்து ஒரு வாய்ஸ் அனுப்பினான். நம் கடலில் கரையிலிருந்து கொஞ்ச தூரம்வரை சிக்னல் இருக்கும் அல்லவா. வலையைப் படகுக்குள் இழுத்து வாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது பதிவு செய்திருக்கிறான். இரண்டு நிமிஷம். வார்த்தை இல்லாத முனகல். கீழே நம் எஞ்சின். காற்று. படகின் ஓரத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தம். முனகி முடித்துவிட்டுச் சொன்னான்:

"கேட்டியா மாப்ள? ஏழு அடி அடிச்சுட்டு எட்டாவத முழுங்குது. அந்த எட்டாவதுல நானும் நிக்கிறேன் பாரு. அந்தக் குழியிலதான் இந்தப் பாட்டே இருக்கு. அத நெரப்பித் தொலச்சிறாத."

நான் நிரப்பினேன். ஆப்பில் சத்தத்தைச் சுத்தம் செய்ய ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் பின்னால் கேட்கும் இரைச்சலை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளும். எஞ்சின் போனது, காற்று போனது, தண்ணீர் போனது. வெறும் குரலுக்குக் கீழே எட்டு அடியையும் ஒழுங்காக வைத்தேன். அப்படியும் அவன் குரல் அடியோடு சேரவில்லை, அங்கங்கே தட்டுத்தடுமாறியது. இவனுக்குத் தாளம் நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். போனில் இடம் இல்லை என்று அவன் அனுப்பிய பழைய வாய்ஸையெல்லாம் அன்றைக்கே அழித்தேன். இதையும் சேர்த்து.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து அவனைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா, எஞ்சின் ஏன் அப்புடித் தவறுது? ஒன் கொரலும் தாளத்துக்கு நிக்கல."

"சூடேறுனா அப்புடித்தாண்டா. கெளம்புறப்ப ராசா மாதிரி ஓடும். ரெண்டு மூணு மணி நேரம் போச்சுன்னா அடிய முழுங்க ஆரம்பிக்கும். நேத்து நடுவுல நின்னே போச்சு. அர மணி நேரம் ஆற விட்டு எடுத்தேன்."

"அத்தாகிட்ட சொன்னியா?"

"ரெண்டு தடவ சொல்லிட்டேன். கரையில வந்து ஹேண்டில் போட்டுச் சுத்திப் பாக்குறாரு. அப்ப நல்லாத்தான் ஓடுது. 'ஒன் காதுல கோளாறுடா'ங்கிறாரு. நீ ஒரு வார்த்த சொல்லு மாப்ள. நீ சொன்னாக் கேப்பாரு."

"சொல்றேன்" என்றேன்.

அத்தா, அன்றைக்குச் சாயங்காலம் நான் உங்களுக்குப் போன் செய்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டீர்கள். எல்லாம் நல்லா இருக்கு என்றேன். அப்புறம், "அத்தா, வசந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அவனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கானா?"

"அவனுக்கு என்ன கேடு? பாட்டுப் பாடிக்கிட்டுத் திரியிறான். நீ ஒன் வேலையப் பாரு."

பாட்டு என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. கட்டுமாவடிப் படகின் எஞ்சின் சூடேறினால் எப்படி ஓடும் என்று ஷார்ஜாவில் இருக்கும் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வேன்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்கு என்பது பதினோரு நாள் ஆனது.

பதினோராவது நாள் செவ்வாய்க்கிழமை. அவனோடு போகிறவனுக்குக் காய்ச்சல். வலை கடலில் கிடக்கிறதே என்று வசந்த் தனியாகப் போனான். மறுநாள் மதியம் மீமிசலுக்கு நேரே படகு மட்டும் மிதந்தது. வியாழக்கிழமை உடம்பு கரை ஒதுங்கியது. ஹம்னாதான் போன் செய்தாள். நான் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். "அண்ணே, வசந்தண்ணே..." என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் கேட்ட முதல் கேள்வி, "எஞ்சின் நின்னுச்சா?" அவளுக்கு அது புரியவில்லை. "அதெல்லாம் தெரியலண்ணே" என்றாள்.

படகைக் கரையேற்றிய அன்று நடந்ததை அவள் அப்புறம் சொன்னாள். ஊரே கூடி நிற்க, மெக்கானிக் ராக்கன் அண்ணன் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஓடியது. ஒரு அடி தவறவில்லை. நம் ஊரில் எந்தப் படகு வருகிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் சொல்லிவிடுவார்கள். அத்தனை பேரும் நின்று கேட்டார்கள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று அத்தா சொன்னார். தண்ணியைப் போட்டுவிட்டு ஏறியிருப்பான் என்றும் சொன்னார். முதலில் அத்தா சொன்னார், அப்புறம் கரை முழுக்கச் சொன்னது.

மீனம்மாள் அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லையாம். "என் மவன் குடிக்கவே மாட்டான்னு நான் சொல்லல. படகுல ஏறுற அன்னிக்குக் குடிக்க மாட்டான்" என்றாராம். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்று எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்குத் தெரியும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும், ஹேண்டில் சுற்ற எழுந்து நிற்பவனை ஒரு அலையே தள்ளிவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. செத்தவன் செத்துவிட்டான், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் ஹம்னா இன்னொன்று சொன்னாள். "கருமாதி முடிஞ்சதும் மூக்கன் மாமா படகை எறக்குறாராம்ணே. அத்தாதான் சொன்னாங்க, 'மூக்கா, அத ஒன் படகா நெனச்சுக்க, நீயே ஓட்டு'ன்னு. அத்தாவுக்கு நல்ல மனசுன்னு ஊருல பேசிக்கிறாங்க."

மூக்கன் மாமா வசந்தின் அப்பா. நாலு வருஷமாகக் கடலுக்குப் போகாமல் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர். மகனைக் கொன்ற அதே எஞ்சினில் அவர் போகப்போகிறார். அதற்கு இன்னும் ஆறு நாள்தான்.

அப்போதே உங்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். வசந்த் என்னிடம் சொன்னான், நான் உங்களிடம் சொல்லவில்லை. இரண்டே வாக்கியம். அது என்னால் முடியவில்லை. ராக்கன் அண்ணனைக் கூப்பிட்டேன். மெக்கானிக் சொன்னால் நான் சொன்னதாக ஆகாதே.

"அண்ணே, நம்ம எஞ்சின இன்னொரு தடவ பாருங்க. சூடேறுனா அடி தவறுதாம்."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"அது இருக்கட்டும்ணே. பாருங்களேன்."

"தம்பி, நான் பாத்த வரைக்கும் நல்லா இருக்கு. மணிக்கணக்கா ஓடுனா என்னாகுதுன்னு கரையில வச்சுக் கண்டுபுடிக்க முடியாது. கடல்ல ஓடிச் சூடான சத்தம் இருந்தா, கேட்ட ஒடனே சொல்லிருவேன். அது யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட இருக்கு" என்றேன்.

என்னிடம் இல்லை. நான் அழித்தது அதைத்தான். வசந்தின் போனும் அவனோடு கடலில் போய்விட்டது. இருந்தது சுத்தம் செய்த குரல் மட்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப்புக்குப் பின்னால் ஒரு டீசல் ஜெனரேட்டர் ஓடும். அதன் பக்கத்தில் போய் நின்று போனில் பதிவு செய்தேன். ஆப்பில் போட்டு வேகத்தைக் குறைத்தேன். ஏழு அடி விட்டு எட்டாவதை வெட்டினேன். எங்கிருந்தோ கடல் சத்தம் எடுத்து மேலே பூசினேன். வாழ்க்கையில் முதல்முறையாக டிரம்ஸிலிருந்து ஆரம்பித்தேன், வசந்த் சொன்ன மாதிரி. காதில் மாட்டிக் கேட்டபோது அசல் மாதிரியே இருந்தது. ராக்கன் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, இது எந்த எஞ்சின்?"

"நம்ம எஞ்சின்தாண்ணே."

"நம்மது ஒத்த சிலிண்டர். இதுல நாலு பேரு பேசுறான். அது போவட்டும். குழி எல்லாம் அளந்து வெட்டுன மாதிரி ஒரே அளவா விழுது. கோளாறான எஞ்சின் கணக்குப் பாத்து நிக்காது தம்பி. ஆறுல நிக்கும், எட்டுல நிக்கும், ஒரு நேரம் ரெண்டு அடிய சேத்து முழுங்கும். இத நீயே செஞ்சியா?"

அதற்குள் போன் கை மாறியது. அவர் அதை அத்தாவுக்கு எதிரிலேயே போட்டுக் கேட்டிருக்கிறார்.

அத்தா, நீங்கள் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினீர்கள்.

"பொய்யா ஒரு சத்தத்தப் பண்ணி அனுப்பிச்சிருக்க. எதுக்கு? ஒன் அப்பன் ஒரு புள்ளயக் கொன்னுட்டான்னு ஊரு சொல்லவா?"

"அத்தா, வசந்து என்கிட்ட..."

"செத்தவன் பேர எடுக்காத. இனிமே நீ எது சொன்னாலும் நான் நம்புறதா இல்ல."

வைத்துவிட்டீர்கள். பொய்யான சத்தத்தை அனுப்பியவன் அதற்குப் பிறகு எந்த உண்மையைச் சொன்னாலும் யார் கேட்பார்கள்? நாலு நாள் நான் யாரையும் கூப்பிடவில்லை.

நேற்றுச் சாயங்காலம், கருமாதிக்கு முதல் நாள், ஹம்னா அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, வசந்தண்ணே பாடுனது ஏதோ ஒங்ககிட்ட இருக்காமே. மீனம்மாத்தை கேக்குறாங்க. ஒரு தடவ கேக்கணுமாம்."

சுத்தம் செய்த குரலை அனுப்பினேன். லைனை வைக்காமல் காத்திருந்தேன். ஹம்னா இன்னொரு போனில் அதைப் போட்டாள். அவன் முனகுவது ஷார்ஜாவிலிருந்து அங்கே போய்த் திரும்ப எனக்கே கேட்டது.

"ஏன்யா, இத எங்க வச்சுப் பாடுனான்?" மீனம்மாள் அத்தை கேட்டார்.

"கடல்லதான் அத்தை. படகுல."

"கடலையே காணமே. மூடுன அறைக்குள்ள தனியா ஒக்காந்து பாடுற மாதிரில இருக்கு."

"நாந்தான் அந்தச் சத்தத்தையெல்லாம் எடுத்துட்டேன். பாட்டு நல்லாக் கேக்கணும்னு."

"கடலும் சேந்து கேட்டா யாருக்கு என்ன கொறஞ்சுரும்? அதத் திருப்பிப் போட முடியுமாய்யா?"

"முடியாது அத்தை. அழிச்சுட்டேன்."

அப்போது மூக்கன் மாமா குரல் கேட்டது. "புள்ள, இன்னொரு தடவ போடு."

போட்டாள். இன்னும் ஒரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை பாத்திரம் ஒன்றில் விரலால் தட்டும் சத்தம் கேட்டது. டக் டக் என்று முனகலோடு சேர்ந்து தட்டிக்கொண்டே வந்தார். ஏழில் விரல் நின்றது. மறுபடி ஓடியது. ஆறில் நின்றது. அப்புறம் ஓரிடத்தில் இரண்டு அடி நீளத்துக்கு விரல் நின்றது. அவன் குரலும் அங்கே நின்றது.

"இவன் மூச்சு வாங்க நிக்கல" என்றார் மூக்கன் மாமா. "மூச்சு வாங்குறது வேற எடத்துல இருக்கு. இங்க எதுவோ நிக்குது, அதுக்காக இவன் நிக்கிறான். தம்பி, இது என்னது?"

நான் எஞ்சினைத் துடைத்து எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவன் குரலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவனுக்குத் தாளம் நிற்கவில்லை என்று நான் நினைத்த இடங்கள் எல்லாம் எஞ்சின் நின்ற இடங்கள்.

"எஞ்சின் மாமா" என்றேன். "சூடேறுனா நிக்குதுன்னு என்கிட்ட சொன்னான். அத்தாகிட்ட ரெண்டு தடவ சொல்லியிருக்கான். என்னயும் சொல்லச் சொன்னான். நான் சொல்லல."

"எப்பச் சொன்னான்?"

"சாகுறதுக்குப் பதினோரு நாளைக்கு முன்னாடி."

"பதினோரு நாளும் நீ என்ன பண்ணுன?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இந்தப் பாட்டத்தான் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவர் திட்டவில்லை. மீனம்மாள் அத்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரும் திட்டவில்லை. "போன வையி புள்ள" என்று மட்டும் ஹம்னாவிடம் சொன்னார்.

இன்றைக்குக் காலையில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். கருமாதியை முடித்துவிட்டு, மொட்டைத் தலையோடு மூக்கன் மாமா நம் வீட்டு வாசலுக்கு வந்து எஞ்சின் ஹேண்டிலைப் படியில் வைத்தார். ஹம்னா ஒவ்வொரு சொல்லையும் எனக்குச் சொல்லிவிட்டாள்.

"கனி பாய், நான் எறக்கல."

"ஏன் மூக்கா, சகுனம் பாக்குறியா?"

"சகுனம் இல்ல. நீங்க ஒருக்கா அதுல ஏறி மூணு மணி நேரம் ஓட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கரையில நிக்கிறேன். நீங்க வந்ததும் ஏறிக்கிறேன்."

அத்தா, அவர் போன பிறகு வெகுநேரம் அந்த ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்களாம். மதியம் ராக்கன் அண்ணனை வரச் சொல்லி எஞ்சினைக் கழற்றச் சொல்லிவிட்டீர்கள். புதுசு வைக்கலாம் என்றீர்களாம். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. கரையில் யாரோ கேட்டதற்கு, எஞ்சின் பழசாகிவிட்டது என்றீர்களாம்.

மூக்கன் மாமா சாக மாட்டார். அதுவரைக்கும் சரி. ஆனால் இன்றைக்கும் டீக்கடையில் வசந்தைக் குடித்துவிட்டுச் செத்தவன் என்றுதான் சொல்கிறார்களாம். சாயங்காலம் ஹம்னாவே காதால் கேட்டிருக்கிறாள். அந்த வார்த்தையை முதலில் சொன்னது நீங்கள். அதைத் திரும்ப எடுக்க உங்களால்தான் முடியும். மீனம்மாள் அத்தை கேட்ட கடல் சத்தத்தை என்னால் திருப்பிப் போட முடியவில்லை. உங்கள் வார்த்தையை நீங்கள் திருப்பி எடுக்கலாம்.

நான் பெரிய யோக்கியன் என்று சொல்லவில்லை. அவன் உங்களிடம் இரண்டு தடவை சொன்னான், நீங்கள் அவன் காதில் கோளாறு என்றீர்கள். என்னிடம் ஒரு தடவை சொன்னான், நான் அவன் தாளத்தில் கோளாறு என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒரு பொய்யைச் செய்து, உண்மையையும் யாரும் நம்பாதபடி ஆக்கினேன். இதையெல்லாம் ஊர் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அம்மா. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாலு தடவை தண்ணீர் குடித்துவிட்டேன். வீட்டுக்கு முதலில் அனுப்பினால், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் சரி என்பேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் இதை முதலில் மூக்கன் மாமாவுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்து ராக்கன் அண்ணனுக்கு, வசந்த் முனகியதையும் சேர்த்து. உங்களுக்கு மூன்றாவதாகத்தான் வருகிறது.